சீரியல் பல்புகள் மேல் போட்ட பழி

மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தின் கெபினுக்குள் சாமிப் படத்தைச் சுற்றிச் சீரியல் பல்புகள் கட்டியிருந்தார் என்பதற்காக, ஓர் ஒப்பரேட்டரின் வேலையைப் பறித்தேன். பல்புகளில் குற்றமில்லை. குற்றம் என்னுடையது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம் அது. நான் யாழ்ப்பாணத்தான்; தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் கற்பித்து ஓய்வுபெற்றபின் பதுளையிலேயே தங்கிவிட்டேன். அங்கே இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர் வீதி வேலைகளைக் குத்தகைக்கு எடுக்கத் தொடங்கி, ஜப்பானில் பாவித்த பெக்கோ ஒன்றை வாங்கினார். அதன் மின்வேலைகளைப் பார்த்துக்கொள்ள என்னை அழைத்தார்.

பழைய இயந்திரங்களை ஸ்பேனராலும் சுத்தியலாலும் வழிக்குக் கொண்டுவரலாம். இது அப்படியல்ல. எஞ்சினுக்கு ஒரு கணினி, ஹைட்ரோலிக் பம்புக்கு ஒரு கணினி, ஒப்பரேட்டரின் முன்னால் ஒரு திரை. மூன்றும் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்களின் வழியே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்.

இருக்கைக்குப் பின்னால் இன்னொரு பெட்டியும் இருந்தது. இயந்திரம் எங்கே நிற்கிறது என்று ஜப்பானிலிருந்த பழைய சொந்தக்காரருக்குச் செய்மதி வழியே அறிவித்துக்கொண்டிருந்த பெட்டி. முதலாளி அதைக் கேட்டுச் சிரித்தார்.

"எம் மெஷின் எங்க நிக்குதுன்னு செய்மதி சொல்லணுமா சேர்? பெரகல சந்தியில டீக்கடையில கேட்டாப் போதும். ஓட்டுறவன் என்ன சாப்பிட்டான்னும் சேத்துச் சொல்லுவான்."

நானும் சிரித்தேன். பெட்டியைக் கழற்றினேன். தொங்கிய வயர் முனையில் கறுப்பு டேப் சுற்றினேன். பெட்டி, எங்கள் ஸ்டோர் கதவு காற்றில் அடிபடாமல் இருக்க முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது.

கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பாதையை அகலப்படுத்தும் வேலை. பெக்கோவை ஓட்டியவர் அதே தோட்டத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அவர் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையிலிருந்து இப்படியொரு இயந்திரத்தில் ஏறிய முதல் ஆள் அவர்தான். வேலை தொடங்கிய வாரமே வந்த சரஸ்வதி பூசைக்கு இயந்திரத்தைக் கழுவிப் பொட்டு வைத்து, சங்கிலிச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, படத்துக்குப் பல்பும் கட்டினார்.

பூசை முடிந்த கையோடு கோளாறு தொடங்கியது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரையில் ஜப்பானிய எழுத்து மின்னும். எஞ்சின் சத்தம் இறங்கும். தூக்கிய இயந்திரக் கை அப்படியே நிற்கும். அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும்.

"கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரிங்க ஐயா," என்றார் ஒப்பரேட்டர். "ஒண்ணுக்கொண்ணு பேசிக்கவே மாட்டேங்குது."

நோயை அவர் சரியாகவே சொல்லிவிட்டார். காரணத்தைத் தேட வேண்டியவன் நான். ஆனால் கெபினுக்குள் எட்டிப் பார்த்ததும் என் கண்ணில் பட்டது அந்தப் பல்புச் சரம். கூரை விளக்கு வயரைச் சுரண்டி முறுக்கி இணைத்திருந்தார்கள்.

"ஆர் உமக்கு இதைக் கட்டச் சொன்னது?"

"பூசைக்குங்க ஐயா. சுவிட்சு போட்டாத்தான் எரியும். வேல நேரத்துல நான் போடுறதே இல்லீங்க."

என் பையில் மீட்டர் இருந்தது. கால்மணி நேரம் அளந்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். மழை கறுத்துக்கொண்டு வந்தது. என்னை ஏற்றிப்போகும் வான் வண்டி காத்துக்கொண்டு நின்றது. அவை உண்மையான காரணங்கள் அல்ல. அந்தப் பல்புகளைக் கண்டதும் எனக்குள் ஓர் இளக்காரம் எழுந்தது. இப்படிப்பட்டவர்கள் இப்படித்தான் கெடுப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். சரத்தை வெட்டி எறிந்துவிட்டு முதலாளியிடம் அப்படியே சொன்னேன்.

அவர் ஒப்பரேட்டரை மொனராகலைக்கு அனுப்பினார், கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்ட. மனைவி லயத்தில், அவர் அந்த வெயிலில்.

புதிய ஒப்பரேட்டர் வந்தார். சில நாளில் கோளாறும் திரும்பி வந்தது.

இம்முறை அளந்தேன். பெட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு வயர்களுக்குமிடையே மீட்டரை வைத்தேன். இந்த வயர்ப்பாதையின் இரு முனையிலும் நூற்றிருபது ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் மீட்டர் அதில் பாதி, அறுபது ஓம் காட்டும். நூற்றிருபது காட்டியது. ஒரு முனையில் மின்தடை இல்லை. அது இல்லாவிட்டால் வயரில் போகும் பேச்சு சுவரில் பட்ட குரல்போல் எதிரொலித்துக் குழம்பும். சில வேளை ஓடும், சில வேளை நின்றுவிடும். வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். இருக்கைக்குப் பின்னால் போய் முடிந்தது. நான் சுற்றிய கறுப்பு டேப்.

அந்த மின்தடை, கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த பெட்டிக்குள் இருந்தது.

புதிய மின்தடை ஒன்றை அந்த முனையில் பற்றவைத்தேன். இயந்திரம் ஒழுங்காக ஓடியது. முதலாளி, "சேர் கை வச்சா அப்பீலே இல்ல," என்றார். நான் மீட்டரைப் பைக்குள் வைத்து மூடினேன். என் பிழை யாருக்கும் தெரியாது, தெரியப்போவதுமில்லை.

அடுத்த வாரம் போனபோது புதிய ஒப்பரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சாமி படத்தையும் கழட்டிட்டேங்க ஐயா. அதுனால ஏதும் வந்திரக் கூடாது பாருங்க." கெபின் சுவரில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

அன்றே கடைக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே சேர்."

"அதாலதான் சொல்லுறன். அந்த மனுசனைத் திருப்பிக் கூப்பிடுங்கோ. நானே போய்ச் சொல்லிறன்."

மொனராகலை பஸ்ஸில் போனேன். கரும்பு வெட்டிய வயலோரம் டிராக்டர் நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். பெட்டி, டேப், மின்தடை எல்லாவற்றையும் சொல்லி, என்னை மன்னிக்கச் சொன்னேன். புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தவர் சொன்னார்:

"அந்தப் பொட்டிக்கும் ஒரு பொட்டு வச்சிருக்கணும். வச்சிருந்தா கழட்டியிருக்க மாட்டீங்க."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட சொன்னது பத்தாதுங்க ஐயா. எம் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லுங்க."

மறுநாள் அவரோடு கொஸ்லந்தைக்குப் போனேன். அவர் மனைவி, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் லயத்து வாசலில் நின்று கேட்டார். முழுவதையும் மறுபடி சொன்னேன். வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியதுதான். அன்று வார்த்தை வார்த்தையாகத் தடுமாறியது. நான் முடித்ததும் அவர் கேட்டார்:

"அப்ப பல்புனால இல்லீங்களா?"

"இல்லையம்மா. என்னாலதான்."

"அத நாந்தாங்க பதுளையில வாங்கிக் குடுத்தேன். இவரு வேணாமுன்னுதான் சொன்னாரு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "என்னாலதான் இவரு வேல போச்சுன்னு... வீட்டுல வெளக்கேத்தக்கூட மனசு வரல."

அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டியா? இனிமே எம் மொகத்தப் பாத்து 'ஒன் பல்பு'ன்னு சொல்லு, இருக்கு ஒனக்கு!"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"வாயால சொல்லல!"

உள்ளே போய்ச் சீனி போட்ட பிளேன்டீயோடு வந்தார். நான் செய்தது அந்த ஒரு கோப்பையில் கரைந்துவிடவில்லை. ஆனால் கடைசி மிடறுவரை குடித்துவிட்டுத்தான் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பழைய ஒப்பரேட்டர் மறுபடி பெக்கோவில் ஏறினார். படத்தைப் பழைய துளைகளிலேயே மாட்டினார். புதிய பல்புச் சரத்துக்குத் தனி வயர் இழுத்து, ஒரு பியூசும் வைத்து, நானே பூட்டிக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அளந்து பாத்தீங்களா ஐயா?" என்றார்.

"ஓம்," என்றேன். "இந்த முறை அளந்தனான்."