நிதானம் அக்காவின் ஐம்பத்திரண்டு நிமிடம்

கம்பத்தைச் சுத்தியலால் மூன்று இடத்தில் தட்டுகிறார். முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் கை எட்டும் இடத்தில் ஒன்று. ஒவ்வொரு தட்டுக்கும் தலையைச் சாய்த்துக் காது கொடுக்கிறார். நல்ல மரம் கணீரென்று பேசும்; உள்ளே உளுத்த மரம் தொண்டை கட்டியவரைப் போலப் பேசும். எதிர்வீட்டு பால்கனியிலிருந்து ஒருவர், "இன்டர்நெட் எப்பம்மா வரும்? எனக்கு மீட்டிங் இருக்கு" என்கிறார். "வரும் சார். முதல்ல நான் மேல போகணும், அப்புறம் முழுசா கீழ வரணும். அதுக்கு நடுவுல வந்துடும்" என்கிறார் இவர், இடுப்புப் பட்டையின் கொக்கியை இரண்டாம் முறையாக இழுத்துப் பார்த்துக்கொண்டே.

தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தொழில்நுட்பப் பணியாளர். பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அது சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே வந்ததில்லை. கிளை அலுவலகம் முழுக்க "நிதானம் அக்கா"தான். மேலாளரே தொலைபேசியில், "அந்தப் பக்கம் நிதானத்த அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது உண்டு.

குள்ளம். நரைத்த முடியைத் தொப்பிக்குள் இறுக்கி முடிந்திருப்பார். இன்டர்நெட் கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழைகளை ஒட்டும் வேலைக்கு உட்கார்ந்தால், இடது கைப் பெருவிரலில் ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றிக்கொள்வார். முடியைப் போல மெல்லிய இழையை வெட்டும்போது தெறிக்கும் துணுக்குகளை அதில் ஒற்றி எடுப்பதற்கு. தோலுக்குள் போனால் தேடி எடுக்க முடியாத துணுக்குகள் அவை. சாப்பிடப் போகும்முன் அந்த நாடாவை மடித்து மூடியுள்ள டப்பாவில் போடுவார். ஒருநாளும் தரையில் போட்டதில்லை. "நாளைக்கு இங்க யாராவது முட்டி போட்டு வேலை செய்வாங்கல்ல."

கருவிப்பையில் இழை வெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். கம்பத்தில் ஏறும்போது கீழே இன்னொருவர் நிற்க வேண்டும். ஏறியிருப்பவரை மேலதிகாரி கைபேசியில் அழைக்கக் கூடாது. வேலைநேரப் பட்டியல் ஒரு வாரம் முன்பே ஒட்டப்பட வேண்டும். ஆபத்தென்று தோன்றினால் வேலையை நிறுத்திவைக்கலாம். கிளைச் சங்கத்தின் செயலாளர் இவர்தான் என்றாலும் கோஷம் போட வராது. ஊர்வலத்தில் இவர் முறை வந்தால் இருமல் வந்துவிடும். கூட்டக் குறிப்பு எழுதுவதில்தான் கெட்டி. பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவர், இவரைப் பற்றி எழுத வந்த என்னிடம் அலுத்துக்கொண்டார்: "வீட்ல ஃபேன் மாத்தலாமான்னு பேசினாலும் எழுதிடுவாங்க. ரெண்டு மாசம் கழிச்சு 'நீங்கதானே மாத்தறேன்னு சொன்னீங்க'ன்னு தேதியோட காட்டுவாங்க. நான் எங்க போய்ப் பொய் சொல்றது?"

மேற்பார்வையாளர் பதவி இரண்டு முறை தேடி வந்தது. அதை ஏற்றால் சங்கத்தை விட வேண்டும். இரண்டு முறையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு, "மேசைக்கு அந்தப் பக்கம் எனக்குக் காத்து வராது" என்றார்.

இதே கிளையில் ரேடியோ என்றொருவர் இருக்கிறார். இழை ஒட்டுவதில் கைதேர்ந்தவர். வாய் மூடாதவர் என்பதால் அந்தப் பெயர். வண்டி கிளம்பும்போது தொடங்கும் பேச்சு, வண்டி நிற்கும்போது அடுத்த கதைக்குப் போயிருக்கும். நான்கு ஆண்டுகளாக அவருக்குப் பிடித்த நகைச்சுவை சங்கம்தான். "சங்கமா? மாசத்துக்கு ஒரு தடவ கூடி, அடுத்த மாசம் எப்ப கூடறதுன்னு முடிவு பண்ற இடம்" என்பார். நிதானம் அக்கா உறுப்பினர் படிவத்தை நீட்டிய போதெல்லாம், "அக்கா, எனக்கு வாய் இருக்கு. எனக்காகப் பேச இன்னொரு வாய் எதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இவர் சிரித்துக்கொண்டு பையில் வைத்துக்கொள்வார்.

அந்த ரேடியோவுக்குத்தான் சில மாதங்களுக்கு முன் நோட்டீஸ் வந்தது. எல்லாப் பணியாளர்களின் கைபேசியிலும் ஒரு செயலி இருக்கிறது. யார் எங்கே எத்தனை நிமிடம் அசையாமல் நிற்கிறார்கள் என்று அது தலைமையகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட ஒருநாள் காலை, ஒரு நாற்சந்தியில் ரேடியோ ஐம்பத்திரண்டு நிமிடம் சும்மா நின்றார் என்பது குற்றச்சாட்டு. ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியவர். இதுவும் நிரூபணமானால் வேலை போகும்.

நடந்தது வேறு. சாலைக்கு அடியில் கேபிள் போகும் தொட்டிக்குள் அவர் இறங்க வேண்டியிருந்தது. மூடியைத் தூக்கிவிட்டு, விஷவாயு இருந்தால் அலறும் வாயுமானியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டிருக்கிறார், அது அலறியது. நல்ல காற்றை உள்ளே தள்ளும் காற்றூதியைப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அலறல். மானி அடங்கும்வரை இறங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் உள்ள விதி. சங்கம் இரண்டாண்டு மல்லுக்கட்டி எழுத வைத்தது. அடங்க ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. செயலிக்கு மானியும் தெரியாது, காற்றும் தெரியாது. ஆள் நிற்பது மட்டும் தெரியும்.

நோட்டீஸ் வந்த அன்று மாலையே ரேடியோ சங்க அறைக்கு ஓடிவந்தார். விசாரணையில் உறுப்பினருக்குப் பக்கத்தில் சங்கப் பிரதிநிதி உட்காரலாம், அவருக்காகப் பேசலாம். ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு சேர்ந்தவருக்கு அந்த நோட்டீஸில் அந்த உரிமை இல்லை. துணைச் செயலாளருக்கு இதில் வருத்தமே இல்லை. "நாலு வருஷமா நம்மள வெச்சுக் கதை சொன்னான்ல, போய்த் தனியா நிக்கட்டும்."

"பிரதிநிதியா போக முடியாது. சரி" என்றார் நிதானம் அக்கா. "ஆனா அன்னைக்குக் கேபிளோட மறுமுனையில சிக்னல் பாக்க நின்னது நான். சாட்சியா போலாம்ல?"

"அக்கா, யோசிச்சுப் பேசுங்க. அவன் அம்பத்திரண்டு நிமிஷம் நின்னான்னா நீங்களும் அவ்வளவு நேரம் நின்னீங்கன்னு அர்த்தம். நோட்டீஸ் உங்களுக்கும் வரும்."

"அதான் எனக்கும் சந்தேகம். ஏன் வரல?"



விசாரணை அறையில் நான் இல்லை. உள்ளே இருந்த மூவரிடம் தனித்தனியாகக் கேட்டேன். அவர்களில் மேலாளரும் ஒருவர். மூவர் சொன்னதும் ஒத்துப்போனது. நீள மேசைக்கு ஒரு பக்கம் மேலாளரும் தலைமையகத்து அதிகாரியும். எதிரே ரேடியோ. சுவரோரம் சாட்சிக்கான நாற்காலி. சாட்சி தானாகப் பேசக் கூடாது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று அதிகாரி விதியைப் படித்தார். பிறகு, "உங்க சாட்சிகிட்ட கேள்வி கேக்கலாம்" என்று ரேடியோவைப் பார்த்தார்.

ரேடியோவின் வாய் திறக்கவில்லை. முந்தின நாள் எழுதி வைத்திருந்த பதினோரு கேள்விகள் சட்டைப்பையில் இருந்தன. பையில் கை வைக்கவே தோன்றவில்லை. கைவிரல்கள் இழையைத் தடவுவதுபோல மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தன. நிதானம் அக்கா எச்சில்கூட விழுங்காமல் உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, சைகை காட்டவில்லை. அதிகாரி பேனாவை மூடினார்.

அப்போது ரேடியோ ஒன்றே ஒன்று கேட்டார்: "அக்கா, அன்னைக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

அந்த ஒரு கேள்விக்கு நிதானம் அக்கா இருபது நிமிடம் பதில் சொன்னார். எத்தனை மணிக்கு மூடி திறந்தது, மானி எத்தனை தடவை கத்தியது, ஒவ்வொரு தடவையும் ரேடியோ தன்னிடம் தொலைபேசியில் என்ன சொன்னார் என்று வரிசையாகச் சொன்னார். தன் பணிக்குறிப்பேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். கடைசியில் தன் கைபேசியையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

"அன்னைக்கு எனக்கும் அதே அம்பத்திரண்டு நிமிஷம் சார். செயலியில இருக்கு, பாருங்க. ரெண்டு பேரும் ஒரே கேபிளுக்குத்தான் காத்திருந்தோம். நோட்டீஸ் ஒருத்தருக்குத்தான் வந்திருக்கு. நான் சங்கத்துல இருக்கேன், அவர் இல்ல. வேற வித்தியாசம் எனக்குத் தெரியல. காரணம் அதுதான்னா அவர் நோட்டீஸ வாபஸ் வாங்குங்க. அது இல்லன்னா எனக்கும் ஒண்ணு குடுங்க."

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கைபேசியைப் பார்த்தார். "எனக்கு வெட்கமா இருந்துச்சு. கேள்வி கேக்க ஆளில்லாதவங்க பேர்ல கையெழுத்துப் போடறது சுலபம். அன்னைக்கு அதத்தான் பண்ணியிருக்கேன்" என்று பின்னர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். நோட்டீஸ் அன்றே ரத்தானது. அடுத்த மாதாந்திரப் பேச்சுவார்த்தையில் நிதானம் அக்கா விடவில்லை. செயலியில் இப்போது 'காற்றுக்காகக் காத்திருப்பு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் எல்லாருடைய கைபேசியிலும் இருக்கிறது. துணைச் செயலாளர்கூட அதைத் தன் மகளுக்குக் காட்டினாராம்.

போன வாரம் அவர்களோடு வேலைக்குப் போயிருந்தேன். தெருமுனையில் வண்டியை நிறுத்தியதும், ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டு முன்னிருக்கையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். உறுப்பினர் படிவம். மடிப்புக் கலையாமல் நீட்டினார். எனக்கு ஒரு நகைச்சுவை வரப்போகிறது என்று தோன்றியது, வரவில்லை.

நிதானம் அக்கா கையுறைகளைக் கழற்றினார். படிவத்தை வண்டியின் முகப்பில் விரித்துக் காற்றில் பறக்காமலிருக்கச் சுத்தியலை ஒரு மூலையில் வைத்தார். முதல் வரியிலிருந்து படித்தார். பெயர், பிறந்த தேதி, பணி எண், சேர்ந்த ஆண்டு. ரேடியோ கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். "எல்லாம் சரிதானக்கா? கையெழுத்தும் போட்டுட்டேன்."

'விபத்து நேர்ந்தால் தகவல் தெரிவிக்க வேண்டியவர்' என்ற வரி காலியாக இருந்தது. நிதானம் அக்கா அதன்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறுகையால் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, ரேடியோவிடம் நீட்டினார்.