ஜெபத்தில் போட்ட கல்

என்னைக் காட்டிக்கொடுத்தவள் ஜெபத்தில்தான் காட்டிக்கொடுத்தாள். புறம் பேசினாள் என்று யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. முக்காடு போட்டு, கண்ணை மூடி, ஆண்டவரிடம்தான் பேசினாள். கூட இருந்த இருபது பொம்பளைகளுக்கும் காது இருந்தது, அம்புட்டுதான்.

அப்போது நான் மதுரையில் ஒரு சின்ன மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. அவளும் அங்கேதான். என்னைவிட இரண்டு வயசு மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே அறையில் படுத்தோம், ஒரே கிணற்றடியில் துவைத்தோம். அவள் குடும்பம் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள். நான் படிக்கிற வயசில் ஞானஸ்நானம் வாங்கினவள். என் அம்மா கோச்சடையைத் தாண்டி எங்கள் கிராமத்தில், தன் வயல், தன் சாமி என்று இருந்தாள்.

ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. போனேன். பொழுது சாய்கிற நேரத்தில், எழுந்திருக்க முடியாமல் கிடந்தவள், "வெளக்க மட்டும் ஏத்தி வச்சிடுத்தா. இந்த வீட்ல சாமி இருட்டுல நின்னதே இல்ல" என்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. எண்ணெய் ஊற்றி ஏற்றினேன். கும்பிடவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சப் போனேன்.

திரும்பி வந்ததும் அக்காவிடம் சொன்னேன். மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. "எங்கிட்ட சொன்னது கெணத்துல போட்ட கல்லு" என்றாள். அடுத்த புதன்கிழமை, பெண்கள் ஜெபக்கூட்டத்தில், அந்தக் கல் மிதந்து மேலே வந்தது. "தாய் வீட்ல விக்கிரகத்துக்கு வெளக்கேத்தின உம்முடைய பிள்ளைய மன்னியும், ஆண்டவரே." பேர் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் தாய் வீட்டில் விக்கிரகம் உள்ளவள் நான் ஒருத்திதான்.

சபைக் கமிட்டி விசாரித்து, மூன்று மாதம் என்னைத் திருவிருந்திலிருந்து விலக்கியது. அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்கிற அது மாதம் ஒரு ஞாயிறு நடக்கும். பாயில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எல்லாருக்கும் ஒரே பாத்திரம். ஒருத்தி குடித்துவிட்டு அடுத்தவள் கையில் கொடுப்பாள். எந்தச் சாதிக்காரியும் எந்தச் சாதிக்காரியின் எச்சிலையும் முகம் சுளிக்காமல் குடித்த இடம், நான் பார்த்தவரையில், அது ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் நான் வேதத்துக்கே வந்தேன். விலக்கப்பட்டவர்கள் கதவோரம் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. அப்புறம்தான் வம்பு. திருவிருந்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை போதகர் ஒரு கூட்டம் வைப்பார். யார்மேலாவது கசப்பு இருந்தால் குடிக்காதீர்கள், பாத்திரத்தை அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள் என்பார். எனக்குக் கசப்பு இருந்தது, தொண்டை வரைக்கும் இருந்தது. பொய்யாகக் குடிக்க மனசு வரவில்லை. மாதா மாதம் பாத்திரம் வரும், குடிக்காமல் கொடுத்துவிடுவேன். கமிட்டி திறந்துவிட்ட கதவை நானே சாத்திக்கொண்டேன். இப்படியே போனால் எதற்காக வந்தேனோ அது எனக்கு இல்லாமலே போய்விடும் என்று பயந்தேன்.

அக்கா சிம்மக்கல் பக்கம் போனால் எனக்குக் கொய்யாப்பழம் வாங்கி வந்து பெட்டிமேல் வைப்பாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாளாக்கும் என்று அதைக் கொண்டுபோய் ஆட்டுக்குப் போடுவேன். ஆடு நன்றாகத் தேறியது.

போதகரிடம் போய்ச் சொன்னேன். "அவங்களுக்காகத் தினமும் ஜெபம் பண்ணும்மா" என்றார். பண்ணினேன். "ஆண்டவரே, அவளை ஆசீர்வதியும், அவ வாயை மட்டும் கட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு. தலை பின்னுகிற மாதிரி அதுவும் தினப்படி வேலையாகிவிட்டது. எத்தனையோ மாதம் கழித்து ஒருநாள், வாயைக் கட்டும் என்பதைச் சொல்லாமலே ஆமென் சொல்லியிருக்கிறேன். மறதிதான், வேறொன்றுமில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுப் பள்ளிப் பாடம் கடைசி இராப்போஜனம். எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்த பாடம். இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கதவோரம் உட்காரவைக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் படித்துத் தொலைத்துவிட்டேனே.

அடுத்த திருவிருந்தில் போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாத்திரம் அவள் கைக்கு வந்தது. உதட்டில் வைக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"எத்தனை மாசமா இப்படி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அந்தப் புதன்கிழமையிலருந்தே."

நான் வேறு வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை மாதமும் அவளும் குடிக்கவில்லை. பாத்திரத்தை அவள் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"குடிச்சிட்டுக் குடு, அக்கா."

குடித்தாள். நான் வாங்கி, விளிம்பைத் திருப்பாமல், அவள் வாய் வைத்த இடத்திலேயே குடித்தேன்.

அதற்கப்புறம் அவளுக்குப் பக்கத்தில்தான் எப்போதும் உட்கார்ந்தேன். ரகசியம் மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அம்மா செத்த அன்று அந்த வீட்டில் விளக்கேற்றினவளும் நான்தான். அதை ஆண்டவரிடம் நானே சொல்லிக்கொண்டேன்.