பர்லியார் வளைவில் கருகிய சப்வூஃபர்

அண்ணனுடைய வேனுக்கு, அடித்தாளத்தை அதிரவைக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரின் பெட்டியை நான்தான் செய்தேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்று வேலை என் தலையில் விழுந்தது. விழுந்த பிறகு எனக்கே அதில் ஆசை வந்துவிட்டது.

குன்னூரில் பொருளைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. ஸ்பீக்கரின் கூம்பு காகிதமாக இருந்தால் மூடுபனியில் நமத்துப்போகும். எனவே பிளாஸ்டிக் கூம்பு. சுற்றியுள்ள விளிம்பு ஃபோமாக இருந்தால் பொடிந்து உதிரும், எனவே ரப்பர். பெட்டிக்கு மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைதான் சரி என்றார் கோவைக் கடைக்காரர். அவருடைய வெயிலுக்குச் சரி. இங்கே ஒரு மழைக்காலத்தில் ஊறி உப்பிவிடும். தண்ணீர் தாங்கும் பிளைவுட்டையே வாங்கினேன். காலமெல்லாம் லாரி ஓட்டிய சித்தப்பாவுக்கு அதில் வருத்தம்.

"எஸ்டேட்டுல சில்வர் ஓக்கு மரம் சும்மா கெடக்குது, காசு குடுத்துப் பலகை வாங்கறா."

"அது காய்ஞ்சா முறுக்கிக்குங்க சித்தப்பா. சந்துல காத்துப் போயிரும்."

"எங்கூட்டுக் கதவு முறுக்கல, உன்ற பொட்டி முறுக்குதாக்கும்!"

பெட்டியாவது என் கையில் இருந்தது. அண்ணன் இல்லை. புது ஸ்பீக்கரில் கூம்பைத் தாங்கும் துணி வளையமும் ரப்பர் விளிம்பும் விறைப்பாக இருக்கும். சில வாரம் மிதமான சத்தத்தில் ஓடித்தான் இளகும். அதற்குள் சத்தம் போதவில்லை என்று குமிழை முழுக்கத் திருகினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் அவனிடம் ஒரே பதில்தான்.

"மாமியார் ஊட்டுக்கு வந்த பொண்ணா அம்மிணி அது, மெல்லப் பழக்கறதுக்கு?"

பெட்டியை மாட்டிய அதே வாரம் மேட்டுப்பாளையத்தில் சொந்தத்தில் கல்யாணம். பாதிக்கு மேல் சத்தம் கூட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் முன் சீட்டில் ஏறினேன். வழியில் காட்டேரிப் பூங்கா வரை சத்தியம் தாங்கியது. பிறகு பின்னாலிருந்து அத்தை கேட்டாள்: "ஏண்டா, கல்யாணத்துக்குப் போறமா, கருமாதிக்கா? பாட்டே கேக்கல."

அண்ணன் குமிழைத் திருகினான். நான் குறைத்தேன். அவன் மறுபடி கூட்டினான்.

"கையெடு அம்மிணி, வளைவு வருது."

கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் பிடித்திருப்பவனோடு மல்லுக்கட்ட முடியாது. கையை எடுத்தேன்.

பர்லியாரை நெருங்கும்போது கம்பிச்சுருளின் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. எல்லோர் மூக்குக்கும் எட்டியது. ஆனால் மலை இறங்கும் வண்டியில் கருகல் வாடை வந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரே காரணம்தான் தெரியும்.

"பிரேக்குடா! ஓரங்கட்டு!" என்றார் சித்தப்பா.

"பிரேக் இல்லைங்க, ஸ்பீக்கருங்க. பாட்ட நிறுத்துங்ண்ணா!"

"பாட்டு எங்காச்சும் தீயுமா? எறங்குங்க எல்லாரும்."

அண்ணன் எஞ்சினை மட்டும் அணைத்தான். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். சித்தப்பா குனிந்து பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினார். பாட்டை நிறுத்த நான் சாவியை நோக்கிக் கை நீட்டினேன்.

"சாவியத் தொடாத! வண்டி உருண்டிரும்!"

கதவைச் சாத்தி மறித்து நின்ற அண்ணனிடம், சாவிக்கும் உருளுவதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்க நேரமில்லை. பெட்டியை ஒட்டியிருந்த ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸைப் பிடுங்கலாம் என்று பின்கதவைத் திறந்தேன். என் பெட்டியின் மேலும் அதைச் சுற்றியும் சீர்த்தட்டுகள்.

"பாத்து, பாத்து! பூ கசங்கிரும்," என்றாள் அத்தை. ஒவ்வொரு தட்டையும் அவளே வாங்கி, துணியைச் சரிசெய்து, சாலையோர மதில்மேல் வரிசையாக வைத்தாள். வேகமாகக் கொடுத்தால் முறைத்தாள்.

கடைசித் தட்டை எடுப்பதற்குள் பெட்டியின் அதிர்வு நின்றுவிட்டது. முன்னாலிருந்த சின்ன ஸ்பீக்கர்கள் மட்டும் கீச்சென்று பாடிக்கொண்டிருந்தன. விரல்களால் கூம்பை மெல்ல அழுத்தினேன். கருகிய சுருள் உள்ளே சொரசொரவென்று உரசியது. ரப்பர் விளிம்பு இன்னும் புத்தம்புதிதாக விறைத்துக்கொண்டு நின்றது.

சித்தப்பா நிமிர்ந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"வாடை போயிருச்சு பாரு. பிரேக்குல தண்ணி ஊத்துனதும் சரியாயிருச்சு. படிச்ச புள்ள, பாட்டுப் பொட்டியப் போய் நோண்டிட்டு நிக்குது!"

எல்லோரும் நிம்மதியாக ஏறினார்கள். நான் தட்டுகளைத் திரும்ப அடுக்கினேன்.