பொருத்தனைக் கோழிகள்

என் மாமியாருக்குச் சுத்தம் என்றால் உயிர். யுத்த காலத்தில் அந்தச் சுத்தம் கோழிகளையும் விட்டுவைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தோடு பர்மா பக்கம் போய், மாதக்கணக்கில் தகவலே இல்லை. மகன் உயிரோடு திரும்பவேண்டும் என்று அத்தை பொருத்தனை பண்ணினார்கள். விளைச்சலைச் சபையில் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகை வரும்போது பழுதில்லாத வெள்ளைக் கோழிகளைக் கோயிலில் படைப்பதாக வேண்டுதல். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் கோழிகள் அதுபாட்டுக்குக் குப்பையைக் கிளறித் திரியும். ஆண்டவருக்கு நேர்ந்தது கண்டதைத் தின்னக்கூடாது என்று அத்தை, பொரித்த குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்து, தரைக்கு மேலே தூக்கிக் கட்டிய மரக்கூண்டில் அடைத்துவிட்டார்கள். தீனி, மில்லில் நன்றாகத் தீட்டிய பச்சரிசி. எலும்பு உறுதிப்பட ஆலங்குளத்து வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லை இடித்துச் சலித்துக் கலந்தார்கள். இடித்தது நான்தான்.

கொஞ்ச நாளில் ஒவ்வொரு குஞ்சாகக் கால் மூட்டு வீங்கி, பாதம் பக்கவாட்டில் திருகிக்கொண்டது. அத்தை பயந்துபோய் இன்னும் ஒரு கை சுண்ணாம்பு போட்டார்கள். இன்னும் மோசமானது. பக்கத்து வீட்டுக் கோழிகள் சாக்கடையைக் கிளறிவிட்டு எங்கள் கூண்டுக்கு அடியில் திமிராக ஓடும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒன்றைக் கூடையில் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் காலைத் தடவிப் பார்த்தார்.

"மாங்கனீசுன்னு ஒரு சத்தும்மா. துளிதான் வேணும். அது இல்லன்னா எலும்பு நேரா வளராது. தவிட்டுல இருக்கு, மண்ணுல இருக்கு. நீங்க ரெண்டையும் நிப்பாட்டிட்டிய. சுண்ணாம்பு கூடுனா, இருக்கிற துளியையும் உடம்புல சேரவிடாது."

"இனிமே தவிடு குடுத்தா சரியாயிருமா?"

"நரம்பு வெலகுன காலு வெலகுனதுதாம்மா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். வாதாடினேன் என்றே சொல்லவேண்டும். அத்தை மசியவில்லை.

"கோழிக்குத் தவிடு பத்தலைன்னு டாக்டர் சொல்லுதாரு. கர்த்தர் எனக்கு என்ன சொல்லுதாருன்னு அவருக்குத் தெரியுமாட்டி?"

பண்டிகையன்று நொண்டாத கோழி ஒன்றுகூட இல்லை. கொடுத்த வாக்கை மீறவும் முடியாமல், இருப்பதில் தேறியதாக ஒரு சேவலை அத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். பூசணிக்காய்க்கெல்லாம் அடிபிடி. எங்கள் சேவலைத் தரையில் விட்டதும் அது ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டது. யாரும் கேட்கவில்லை. ஏலம் போட்டவர் இன்னொரு தரம் கூவிப் பார்த்துவிட்டு, அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

"எம்மவன் இனி இல்லட்டி," என்றார்கள் அத்தை.

தவிடு, சுண்ணாம்பு, மாங்கனீசு எல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தும் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தை சொன்னதை அப்படியே நம்பினேன்.

மறு வருஷம் அவர் கை கால் சுகத்தோடு வந்து இறங்கினார். அத்தை கட்டிப்பிடித்து அழுதார்கள். கிட்டப் போக எனக்குத்தான் கூசியது. ஒரு கோழிக்காலைப் பார்த்து அவரைப் புதைத்துவிட்டவள் நான்.