அடுத்த பக்கத்தில் இருந்த ஐந்நூறு மைல்

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா, ஒரு துரையின் புது ஸ்போர்ட்ஸ் காருக்கு டிரைவர். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து, இஞ்சின் ஆயிலை ஆயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நான்தான் அவருக்குச் சொன்னேன்.

அறுநூறு மைல் ஓடியதும், "ஆயில் கரியாட்டம் இருக்கு கண்ணு, மாத்திடட்டுமா?" என்றார்.

"புத்தகத்தவிட உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"சரிங்க டீச்சரம்மா" என்று சிரித்தார்.

அந்த வாரமே நந்தி மலை ஏற்றத்தில் ஆயில் அழுத்தம் காட்டும் முள் சரிந்துவிட்டது. அப்பா உடனே நிறுத்தியதால் இஞ்சின் பிழைத்தது. ஆனால், இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்வேன் என்று துரை சொல்லிவிட்டார்.

மறுபடியும் புத்தகத்தைப் பிரித்தேன். மலையேற்றம், புழுதிச் சாலை என்றால் ஐந்நூறு மைலிலேயே மாற்ற வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. ஒளிக்காமல் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப என் கண்ணும் சரி, உன் புத்தகமும் சரி. நீதான் பாதியில மூடிட்ட" என்றார்.

இப்போது ஐந்நூறு மைலில் ஆயில் மாறுகிறது. அப்பாவின் வேலையும் நிலைத்திருக்கிறது. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் மற்ற டிரைவர்களும் தங்கள் புத்தகங்களோடு என்னிடம் வருகிறார்கள். கடைசிப் பக்கம்வரை படித்து, "உங்க வண்டி எந்த ரோட்டுல ஓடுதுங்க?" என்று கேட்ட பிறகே பதில் சொல்கிறேன்.