வெட்டாத பத்து நிமிடம்

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.05க்கு மோட்டார் போட்டு, தொட்டி நிறைந்ததும் 5.22க்கு நிறுத்தினேன். பைபிளில் ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்தேன். இட்லி, தக்காளிச் சட்னி. மதியத்துக்கு எலுமிச்சைச் சாதம். கணவரை 7.10 பஸ்ஸுக்கு அனுப்பினேன். மகள் எழுந்திருக்கவில்லை. எழுப்பவும் இல்லை. வேலை இல்லாத பிள்ளையைக் காலையில் எழுப்பினால் அது குத்திக்காட்டுவது போல ஆகிவிடுகிறது என்று ஜூலை மாதத்திலிருந்து எழுப்புவதை விட்டுவிட்டேன். 9.50க்கு அலுவலகத்தில் கையெழுத்து.

தஞ்சாவூர் தாலுகா அலுவலகத்தில் நில அளவைப் பிரிவில் நான் வரைவாளர். வயல்களின் எல்லைகளைப் புலப்படத்தில் வரைவதும் திருத்துவதும் வேலை. படத்தில் ஒரு கோடு மயிரிழை தள்ளிப்போனால் நிலத்தில் இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும். இருபத்து மூன்று வருடமாக இதைச் செய்து, எதையும் குறித்து வைக்காமல் இருக்க முடியாத ஆளாகிவிட்டேன்.

11.40க்கு மகள் போன் செய்தாள்.

"அம்மா, சென்னைலேர்ந்து மெயில் வந்துருக்கு."

"எடுத்துக்கிட்டாங்களா?"

"பாதி."

"பாதின்னா?"

படித்துக் காட்டினாள். படம் பிடித்திருக்கிறது, கேமரா வைத்த இடங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் நடவு செய்யும் பெண்கள் எல்லோரும் புதுப்புடவையில் இருக்கிறார்கள், அடிக்கடி வேலையை நிறுத்திவிட்டு வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கிறார்கள். ஏற்பாடு செய்து எடுத்ததுபோல் தெரிகிறது. ஏற்பாடு எதுவும் இல்லாத வேலையை, பத்து நிமிடம், வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுத்து நாளை பகல் 12 மணிக்குள் அனுப்பவும். அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம்.

"நான் எதையுமே ஏற்பாடு பண்ணலியேம்மா," என்றாள்.

பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்தேன். சுற்றிலும் பட்டா மாறுதலுக்கு வந்தவர்கள் நின்றார்கள் என்பது ஒரு காரணம்.

இந்தச் சென்னைப் பயிற்சி ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். மகள் தஞ்சாவூரில்தான் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தாள். ஆவணப்படம்தான் எடுப்பேன் என்று இரண்டாம் வருடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். ஏப்ரலில் படிப்பு முடிந்தது. ஒரு நீள நோட்டில் நான் ஐந்து கட்டம் போட்டேன்: இடம், படிப்பா பயிற்சியா, தங்க வசதி, கேட்பது என்ன, முடிவு. கேட்பது என்ன என்ற கட்டத்துக்கு அகலம் போதவில்லை, மே மாதமே கோட்டை அழித்து மறுபடி போட வேண்டி வந்தது.

ஒரு பயிற்சிப் பள்ளி, ஏற்கெனவே எடுத்த இரண்டு படங்களை அனுப்பச் சொன்னது. படம் எடுக்கத் தெரிந்துகொள்ளத்தானே பள்ளிக்கு வருகிறோம்? மும்பையில் ஒரு நிறுவனம் நான்கு மாதப் பயிற்சி தருகிறதாம். சம்பளம் கிடையாது, தங்குவது நம் பொறுப்பு, லேப்டாப்பும் கேமராவும் கையோடு கொண்டுவர வேண்டும், 'பணத்தைவிட ஆர்வமே எங்களுக்கு முக்கியம்' என்று போட்டிருந்தார்கள். அவர்கள் ஆர்வம் யார் பணத்தில் என்று கேட்டு எழுதலாம் என்று தோன்றியது. இன்னொரு இடத்தில் துறையில் இருக்கும் இருவரின் பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த துறைகள் வருவாய்த் துறையும் நில அளவைத் துறையும்தான். உள்ளூரில் விசாரித்தபோது கல்யாண ஸ்டுடியோக்காரர், "நாங்களும் டாக்குமெண்டரி ஸ்டைல்லதான் எடுக்கறோம் மேடம், பாப்பாவை அனுப்புங்க, ஆல்பம் அடுக்கத் தெரியுமா?" என்றார். முடிவு என்ற கட்டத்தில் முதலில் 'பதில் இல்லை' என்று முழுதாக எழுதினேன். பிறகு 'ப.இ.' என்று சுருக்கினேன். ஆகஸ்டில் மேலே உள்ளது போலவே என்று இரண்டு புள்ளி மட்டும் வைத்தேன்.

சென்னை இடம் ஒன்றுதான் அந்த நோட்டிலேயே தங்க இடமும் சாப்பாடும் தருவதாகச் சொன்னது. ஆறு மாதப் பயிற்சி, எடுப்பது மூன்றே பேரை. அதில்தான் பாதி.

போனை வைத்ததும் கைப்பையிலிருந்து டைரியை எடுத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. செப்டம்பர் 26, வெள்ளி: 'மாலை 6.15 அண்ணிக்கு போன். 4 நிமிடம். நாளைய படப்பிடிப்பு பற்றிச் சொன்னேன்.' என் கையெழுத்து, நீல மை. என்ன சொன்னேன் என்று எழுதவில்லை. எதையும் விடாமல் எழுதுகிறவள் அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி, நீடாமங்கலம் பக்கத்து ஊரில் பன்னிரண்டு பெண்கள் கொண்ட நடவுக் குழுவை நடத்துகிறார். லோடு ஆட்டோவில் ஏறி வயல் வயலாகப் போவார்கள். மகள் எடுத்தது அவர்களைத்தான்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு மகள் கேமராப் பையோடு வந்திருந்தாள். 1.50 பஸ். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அன்று எடுத்ததைப் போனில் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "ஒருவேளை நான் ரொம்பக் கிட்ட போயிட்டேனோ?" என்றாள். அம்மாப்பேட்டை தாண்டியதும், "ட்ரைபாடைப் பாத்து பயந்துட்டாங்களோ?" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் கூட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை மாற்றி மாட்டுகிறார்கள் என்றார் கண்டக்டர். இருபத்தெட்டு நிமிடம். வயலில் வெயில் இறங்கிக்கொண்டிருப்பதை இருவரும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

3.50க்குப் போய்ச் சேர்ந்தோம். நடவு மதியமே முடிந்து எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். அண்ணி வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் அறுவடை மெஷினோடு வெளி மாவட்டத்துக்குப் போயிருந்தார்.

"வாடி மருமவளே! என்ன, ஆபீசரம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்திருக்க? தாசில்தாரு லீவு குடுத்துட்டாரா?"

மகள் பையைக்கூட இறக்கவில்லை. "அத்தை, அன்னிக்கு ஏன் எல்லாரும் நல்ல புடவை கட்டிக்கிட்டு வந்தீங்க?"

"அத ஏன் கேக்குற. ஈஸ்டருக்கு எடுத்த புடவைடி எனக்கு. சேறு பட்டது இன்னும் போவல."

"யாரு கட்டிக்கிட்டு வரச் சொன்னா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் கண்ஜாடை புரியாதவர் அல்ல, புரிந்தாலும் மதிக்காதவர்.

"உங்கம்மாதான். 'படம் மெட்ராஸுக்குப் போவுது அண்ணி, பெரிய ஆளுங்க பாப்பாங்க, புடவ மேல போடற அந்தக் கிழிஞ்ச சட்டையெல்லாம் வேணாம், விவசாய ஆபீசர் வந்தா செய்வீங்கல்ல, அது மாதிரி கயிறு கட்டி வரிசையா நடச் சொல்லுங்க'ன்னுச்சு. ஏன், நல்லா வரலியா? நாங்க அசையாமத்தானடி நின்னோம்!"

"அசையாம நின்னதுதான் அத்தை பிரச்சன."

"அசைஞ்சா எப்புடி? நூறு நாள் வேலையில காலைல ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. மூஞ்சி தெரியலன்னா ஆப்சென்ட்டு. அந்த மேற்பார்வைக்காரி என்னா ஏச்சு ஏசுவா தெரியுமா? இப்ப எவன் போனத் தூக்குனாலும் எங்களுக்குக் கால் தானா நின்னுடுது. போன வாரம் வெத்தல பாக்குக் கடைக்காரன் டார்ச் அடிக்கப் போனத் தூக்குறான், இவளுவ நாலு பேரு வரிசையில நிக்கிறாளுவ!"

அண்ணி சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீதானாம்மா?"

"ஆமா."

"மெயில் பாத்ததுலேர்ந்து என் ஃப்ரேம்தான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பஸ்ஸுல வரும்போதுகூட கேட்டேன். பேசாமதான வந்த?"

"உங்க மாமன் வீட்டு ஆளுங்களை அந்தக் கோலத்துல அவங்க பாக்கணுமா?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "எங்க அம்மா அப்படித்தான் நின்னாங்க. நானும் பத்தொம்பது வயசு வரைக்கும் லீவு நாள்ல அந்த வயல்லதான் நின்னேன். அதையே படமா எடுத்து யாருக்குக் காட்டணும்?"

"வேலைக்குப் போடற சட்டைம்மா அது. நீ ஆபீசுக்கு ஐடி கார்டு மாட்டிக்கிட்டுப் போறல்ல? அதுக்கு யாராவது வெக்கப்படுறாங்களா?"

அண்ணி எங்கள் இருவருக்கும் நடுவில் காபி டம்ளர்களை வைத்தார். "சண்டைய அப்புறம் போடுங்க. நாளைக்கு என்ன எடுக்கணும், சொல்லு. வாய்க்கா ஓரத்துல ஒரு ஏக்கரு நடவு இருக்கு, விடிஞ்சதும் எறங்குறோம். யாரும் கேமராவப் பாக்காதீங்கடின்னு சொல்லிடுறேன்."

"சொல்லவே கூடாது அத்தை. சொன்னா அதுவும் ஏற்பாடுதான்."

"சொல்லலன்னா நிப்பாளுவ."

ஆறு மாதமாக விண்ணப்பங்களில் 'உங்கள் அணுகுமுறையை விளக்குக' என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்தச் சென்னைக்காரர்கள் மேல் கோபம் வந்தது. இரண்டு வாரம் கழித்துப் பதில் போடுவார்களாம், ஒரு நாளில் வயலை மாற்றி எடுத்து அனுப்ப வேண்டுமாம். இங்கே ரயில்வே கேட்டே அரை மணி மூடுகிறது. ஆனால் அவர்கள் சொன்னது சரி என்பதுதான் அதைவிட எரிச்சலாக இருந்தது.

அண்ணிதான் பேசினார். "இவ நம்ம வூட்டுப் புள்ள, இவளப் பாத்து எவளும் வெறைக்க மாட்டா. அன்னிக்கு வரப்புல உங்கம்மா நின்னுச்சு பாரு, கண்ணாடியும் கைப்பையும் டைரியுமா, கடியாரத்தப் பாத்துப் பாத்து எழுதிக்கிட்டு. ஒருத்தி என்கிட்ட கேக்குறா, 'அந்தம்மா பிடிஓ ஆபீஸா, கலெக்டர் ஆபீஸா'ன்னு."

அது உண்மை. ஒவ்வொரு ஷாட்டும் எடுத்த நேரத்தை நான் குறித்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு உதவும் என்றுதான்.

"அப்ப நாளைக்கு நீ வராதம்மா," என்றாள் மகள்.

"வூட்டுல குந்திக்கிட்டு என்ன பண்ணும்? எனக்கு ஒரு ஆளு கொறையுது, ஜுரத்துல படுத்துட்டா. கடைசி ஓரத்துல எறங்கட்டும். நாத்தனாரு எறங்கி நட்டா எவ கேமராவப் பாப்பா? அவளுவ சிரிக்கவே நேரம் பத்தாது."

மகள் அண்ணியை உற்றுப் பார்த்தாள். "நெஜமாவே ஆள் கொறையுதா அத்தை? எனக்காகச் சொல்லலியே?"

"மூணாவது வூடு. போய்ப் பாத்துட்டு வா."

அவள் உண்மையாகவே எழுந்து போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, "நூத்தி ஒண்ணு இருக்கு. மாத்திர போட்டுருக்காங்க," என்றாள். பிறகு என்னிடம், "எறங்குறதுன்னா எறங்கு. வரப்புல மட்டும் நிக்காத," என்றாள். மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம் இல்லை. அன்று மாலை அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியது பேட்டரி சார்ஜ் போட பிளக் எங்கே என்பதற்கு மட்டும்தான்.

மறுநாளுக்கும் விடுப்பு வேண்டும் என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். பிறகு டைரியில் செப்டம்பர் 26ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து, போனில் அண்ணியிடம் சொன்னதை அந்த வரியின் கீழே முழுதாக எழுதிச் சேர்த்தேன். இடம் போதாமல் ஓரத்தில் திரும்பி எழுத வேண்டியிருந்தது. சேர்த்து எழுதிய தேதியையும் போட்டேன்.

அக்டோபர் 15, புதன். எழுந்ததும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கண்ணாடியோடும் டைரியோடும் கைப்பையில் போட்டு, பையை டிவிக்கு மேல் வைத்தேன். கொடியில் கிடந்த அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையை எடுத்துப் புடவைமேல் போட்டுக்கொண்டேன். வலது கை முழங்கை வரை கிழிந்திருந்தது. பொத்தான் ஒன்று குறைவு. வாசலில் லோடு ஆட்டோவில் ஏற்கெனவே ஆட்கள் ஏறிவிட்டார்கள், என்னைப் பார்த்ததும் ஒருத்தி, "ஏய், பிடிஓ வருதுடி, தள்ளி உக்காருங்க!" என்றாள். மகள் முன்னால் டிரைவர் பக்கத்தில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

எத்தனை மணிக்கு வயலில் இறங்கினேன் என்று தெரியாது.