துரைக்கு முதுகு காட்டாமல் கோல்ஃப் ஆடிய விதம்

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் வந்த அடுத்த ஆண்டு, நாற்பதைத் தாண்டிய வயதில், நான் கோல்ஃப் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன நாற்காலிகளில் உள்ளூர்க்காரர்கள் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் இலாகாவில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. துரை ஒரு நாள் என்னை அழைத்து, தம் இடத்துக்கு என் பெயரை எழுதியிருப்பதாகச் சொன்னார். அதிகாரிகள் பேசி முடிக்க வேண்டியதில் பாதியை ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் திடலில்தான் பேசி முடிக்கிறார்கள், ஆகவே உன்னைக் கிளப்பில் சேர்க்க முன்மொழியப் போகிறேன் என்றும் சொன்னார்.

காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, கம்போங் செட்டியில் எனக்கு ஒரு நண்பர். நில அலுவலகத்தில் கிராணி. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட செட்டிகளின் வீடுகளில் மாரியம்மன் உண்டு, விபூதி உண்டு, தமிழ்தான் இல்லை. நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவருக்குக் கோல்ஃப் என்றால் உயிர். கிளப்புக்குள் நுழைய வழியில்லாததால், யாரோ கழித்துப் போட்ட ஒற்றை மட்டையை வைத்துக்கொண்டு, உஜோங் பாசிரில் கடல் வற்றும் நேரம் பார்த்து ஈரமணலில் பந்தடித்துப் பழகியவர். துரைக்குத் தெரிந்தவன் நான். ஆடத் தெரிந்தவர் அவர். இரண்டு பெயரையும் சேர்த்து முன்மொழியும்படி துரையிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டார்.

கிளப்பின் செயலாளர், அவரும் ஒரு துரை, ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு ஞாயிறு காலை நாங்கள் இருவரும் அவரோடும் எங்கள் துரையோடும் ஒன்பது குழி ஆட வேண்டும். பின்னால் வருகிறவர்களைக் காக்கவைக்காமல் ஒழுங்காக ஆடினால் இருவருக்கும் இடம். ஒருவர் தடுமாறினாலும் இருவருக்கும் இல்லை.

“கிராணி, நீ நல்லா ஆட வேணாம்,” என்றார் நண்பர். “மோசமா ஆடாம இருந்தாப் போதும்லா.”

எதையும் முறைப்படி செய்கிறவன் நான். கோல்ஃப் பற்றிப் புத்தகம் ஒன்று வாங்கி அடிக்கோடிட்டுப் படித்தேன். மனத்தை ஒருமுகப்படுத்துவதுதான் ஆட்டத்தில் பாதி என்று அதில் இருந்தது. கால், முழங்கால், இடுப்பு, கை, தலை என்று வரிசை அமைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சரிபார்த்து, கடைசியில் மனத்தையும் சரிபார்த்து, மாலைதோறும் வீட்டுக்குப் பின்னால் பழகினேன். எனக்குப் பின்னால் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருப்பாள்.

“என்னங்க, பந்த அடிக்கப் போறீங்களா, பந்துக்கு மனு எழுதப் போறீங்களா?”

“மனச ஒருமுகப்படுத்துறேன்.”

“பூஜையில உக்காந்தாலே, வாசக் கேட்டப் பூட்டினேனான்னு எந்திரிச்சுப் போறவரு நீங்க. முருகனுக்குக் கெடைக்காத மனசு இந்தப் பந்துக்குக் கெடைக்கப் போவுதா?”

கிடைத்தது. பந்து நேராகப் போய்ப் பப்பாளி மரத்தில் மோதியது, மாலைக்கு மாலை. நண்பரே வந்து பார்த்துத் திருப்தியாகத் திரும்பினார். மனைவிக்கு முதுகு காட்டி நிற்பதில் எனக்கு நெடுங்காலப் பழக்கம் இருந்ததை நாங்கள் இருவருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டையில் முதல் குழிக்கான மேட்டில் ஏறினேன். கோல்ஃபில், குழியில் நட்டிருக்கும் கொடியைப் பார்த்து நிற்பதில்லை. பக்கவாட்டில் நின்று, இடது தோளைக் கொடிப் பக்கம் வைத்து அடிக்க வேண்டும். அப்படியே நின்று, வரிசைப்படி எல்லாவற்றையும் சரிபார்த்தேன். மனத்தைச் சரிபார்க்கும் கட்டத்தில், துரை வந்து என் முதுகுக்கு நேர் பின்னால் நின்றார்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். இத்தனை ஆண்டு உத்தியோகத்தில் நான் துரைக்கு முதுகு காட்டியதே இல்லை. கோப்பைக் கொடுத்துவிட்டு, சந்நிதியிலிருந்து விலகுகிறவனைப் போலப் பின்னோக்கி நடந்து, கதவின் கைப்பிடியைக் கையால் தடவிக் கண்டுபிடித்து வெளியேறுவேன். ஒருமுறை குப்பைக்கூடைக்குள் கால் மாட்டி, கூடையோடு வெளியே வந்திருக்கிறேன். அப்போதும் முதுகு தெரியவில்லை.

அந்த உடம்பைத்தான் மேட்டில் நிறுத்தியிருந்தேன். மட்டையை ஓங்கியபோது கால்கள் என்னைக் கேட்காமல், பின்னால் நின்ற துரையை நோக்கித் திரும்பின. பந்தும் கொடியை விட்டுவிட்டு அவர் பக்கமே போனது. மரியாதைக் குறைவு நேரக் கூடாதென்று திரும்பியவன், மரியாதைக்குரியவரின் முழங்காலை உடைக்கப் பார்த்தேன். அவர் துள்ளி விலகினார். பந்து ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது.

இரண்டாம் குழியிலும் அதே. மூன்றாவதில், துரை எங்கே நிற்கிறார் என்று பார்க்கவே கூடாதென உறுதி எடுத்தேன். அந்த உறுதியிலேயே மனம் ஒருமுகப்பட்டுவிட்டது. பந்து இருந்ததை மறந்து புல்லை வெட்டினேன். நான்காவதில் பந்து லாலாங் புல்லுக்குள் போனது. பின்னால் வந்த நான்கு வெள்ளைக்காரர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நண்பர் என்னோடு லாலாங்குக்குள் குனிந்தார். அதுவரை அவர் ஆட்டத்தில் ஒரு பிசகும் இல்லை.

“அலாமாக், கிராணி. வீட்டுல பப்பாளி மரத்தக் குறி தப்பாம அடிக்கிற. இங்க என்னா ஆச்சு?”

“துரை பின்னால நிக்கிறாரு.”

“நின்னா?”

“முதுகு காட்ட முடியல.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் கண்ணில் நீர் வந்தது.

“போர்த்துகீசியன் வந்தான், டச்சுக்காரன் வந்தான், இவங்க வந்தாங்க, ஜப்பான்காரனும் வந்துட்டுப் போனான். எல்லாரும் எங்க முதுகப் பாத்துட்டுத்தான் போனாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

“உனக்கு அவரு துரை இல்ல.”

“உனக்கும் இன்னும் ரெண்டு மாசந்தான்லா.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்காகப் போய்க் கேக்க இன்னொரு ஆள் இல்ல, கிராணி. இன்னிக்கு விட்டா எனக்குத் திரும்பவும் மணல்தான்.”

நான் பதில் சொல்வதற்குள் அவர் லாலாங்கிலிருந்து வெளியேறித் துரையிடம் நடந்தார். தடுக்கக் கையை நீட்டினேன். முள் ஒன்றுதான் கையில் சிக்கியது. ஐயா, தயவு செய்து இவருக்கு முன்னால் வந்து நில்லுங்கள், உங்களுக்கு முதுகு காட்ட இவரால் முடியவில்லை என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். தினமும் எழுதும் நாட்குறிப்பில்கூட அந்த நிமிடத்தைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் இவருடைய முதுகைப் பார்த்ததில்லை, அப்படி ஒன்று இவருக்கு இருப்பதே எனக்குத் தெரியாது என்று செயலாளரிடம் சொன்னார். செயலாளர் முதல்முறையாகச் சிரித்தார். துரை வந்து எனக்கு நேர் எதிரே, எட்டத்தில் நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு என் திறமை காரணமில்லை. துரை எதிரே நின்றதும் என் தலை தானாகக் குனிந்தது. முழங்கால் லேசாக மடங்கியது. இரண்டு கைகளும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. தோள் சுருங்கியது. வாய் மூடிக்கொண்டது. புத்தகம் ஐந்து அத்தியாயங்களில் சொல்லித் தர முயன்ற நிலை அதுதான். நான் அதைச் சம்பளத்துக்குப் பல காலமாகப் பயின்றிருந்தேன். மட்டையை வீசினேன். பந்து நேராகப் போனது. எங்கே போகிறது என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. துரை முன்னால் இருக்கும்போது எப்படி நிமிர்வது? அடித்த பிறகும் தலை நிமிராமல் இருப்பது உயர்ந்த ஆட்டக்காரர்களின் அடையாளமாம். செயலாளர் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

மீதிக் குழிகள் எல்லாவற்றிலும் துரை பொறுமையாக எனக்கு எதிரே வந்து நின்றார். யாரும் காத்திருக்க நேரவில்லை. கடைசிக் குழியில் பந்து விழுந்ததும் செயலாளர் எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். நண்பர் என் கையைப் பிடித்தவர், வெகுநேரம் விடவில்லை.

சொன்னபடியே துரை சீமைக்குப் போனார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிறு, உறுப்பினர்களாக நானும் நண்பரும் மட்டும் திடலுக்குப் போனோம். அவர் நேராக அடித்துவிட்டு, கேட்காமலே எனக்கு எதிரே வந்து நின்றார். நான் தலையைக் குனிந்தேன். அது மறுபடி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. பந்து வாய்க்காலில் விழுந்தது.

“என்னையத் துரைன்னு நெனச்சுக்க,” என்று சொல்லி, தொப்பியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டு, வயிற்றை முன்னே தள்ளி நின்றார்.

சிரித்துவிட்டேன். இரண்டாவது பந்தும் வாய்க்காலுக்கே போனது.

“போச்சு,” என்றார். “இந்த ஊர்ல உன்னத் தலை குனிய வைக்க இனி ஆள் இல்ல, கிராணி. உன் கோல்ஃப் அவ்வளவுதான்.”

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. ஞாயிறு தவறாமல் இப்போதும் போகிறேன். நிமிர்ந்து நின்றுதான் அடிக்கிறேன். ஒரு வசதி, பந்து எந்த மரத்துக்குள் போகிறது என்பதை நன்றாகப் பார்க்க முடிகிறது.